பக்கம் பார்த்தேன், ஆளையும் பார்த்தேன்

சென்ற மாதம் யாழினியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் நான் வேலைக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், புரொஃபசர் செல்வராணி ரிட்டயர் ஆகுறாங்க. அவங்க பப்ளிகேஷன்ஸ் எல்லாத்தையும் ஒரே ஐடிக்குக் கீழ கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. சிஸ்டம் என்ன காட்டுது தெரியுமா? இறால் பண்ணை பத்தி அவங்க எக்கச்சக்கமா எழுதியிருக்காங்களாம் லா! ஆனா அவங்களோட பெரிய பேப்பர் ஒண்ணை மட்டும் அவங்களுது இல்லைன்னு அடம்பிடிக்குது. இந்தக் கதை உங்களுக்குத்தான் தெரியும்னு புரொஃபசரே சொன்னாங்க."

கோப்பி குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது. என் மனைவி ஓடிவந்து தலையில் தட்டினாள். "யாரோ நினைக்கிறாங்க" என்றாள்.

"யாருமில்லை, இறால்தான். திரும்பி வந்துருச்சு" என்றேன்.

யாழினிக்குச் சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கிழவன் பெருமையடிக்கிறான் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைதான் அடிக்கிறேன்.

என் பெயர் நெய்னா. என் அத்தாவின், அதாவது அப்பாவின், பெயர் முகமது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு என்னை 'மிஸ்டர் முகமது' ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் பாதி மாடி திரும்பிப் பார்க்கும். என் அத்தா கால் வைத்தே இராத ஒரு கட்டடத்தில் அவரை நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையை முடித்து நூலக உதவியாளராகச் சேர்ந்தேன். பகலில் புத்தகம் அடுக்குவது, மாலையில் வகுப்புக்கு ஓடுவது என்று சில வருடங்கள் போயின. பட்டம் வாங்கி நூலகரானதும் என்னைத் தலைமை நூலகர் மிஸ் சியாவின் அறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என் உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது.

எங்கள் வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. கல்லூரியில் ஓர் ஆராய்ச்சியாளருக்குப் பதவி உயர்வோ நிரந்தரப் பணியோ தர வேண்டுமென்றால், அவர் என்னென்ன எழுதியிருக்கிறார், அதை உலகத்தில் யார் யார் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று குழு கேட்கும். அதைத் தேடித் தொகுத்துக் கொடுப்பது நாங்கள். இன்றைக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் கொட்டுகிறது. அன்றைக்கு அதற்கென்று தலையணை தலையணையாகத் தொகுதிகள் இருந்தன. கடுகு போன்ற எழுத்தில், யாருடைய கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார் என்று பக்கம் பக்கமாக அச்சடித்திருக்கும். பூதக்கண்ணாடியும் மர அளவுகோலும் வைத்துக்கொண்டு வரி வரியாக இறங்க வேண்டும். கண்ணும் கழுத்தும் போட்டி போட்டுக்கொண்டு வலிக்கும்.

மிஸ் சியாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குட்டையான உருவம். கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் தொகுத்ததைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு தொடுவதுபோல் எங்காவது ஒரு வரியில் விரலை வைப்பார். எழுந்து அலமாரிக்கு நடப்பார். அந்தத் தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பார். சரியாக இருந்தால் "கேன்" என்பார்; எங்கள் ஊரில் 'சரி' என்று அர்த்தம். அவ்வளவுதான் பாராட்டு. சரியாக இல்லையென்றால் திட்ட மாட்டார். தாளை மேசையில் குப்புறக் கவிழ்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஒரு வரி தப்பென்றால் எல்லாமே தப்பு. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கவிழ்த்த தாளைப் போல மனிதனைச் சுருங்க வைக்கும் பொருள் வேறில்லை. "ஒரு வரிக்காகவா?" என்று ஒரு முறை வாய்விட்டுக் கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பாடநூலைத் திறந்தார். அதில் ஒரு பழைய கட்டுரைக்கு மேற்கோள் இருந்தது. அடுத்த புத்தகத்திலும் அதே மேற்கோள். அதற்கடுத்த ஆய்விதழிலும் அதே. பிறகு மூலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். அந்த எண்ணில் பக்கமே இல்லை. இதழ் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. முதல் ஆள் எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறார். அடுத்து வந்தவர்களெல்லாம் படிக்காமலே ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள்.

"இத்தனை பேர் ஒரே பக்கத்தைப் படித்ததாகச் சொல்கிறார்கள், மிஸ்டர் முகமது. அந்தப் பக்கம் பிறக்கவே இல்லை" என்றார். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன்.

அன்றிலிருந்து நூலகத்தில் ஒரு வழக்கத்தைக் கட்டாயமாக்கினார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதைக் கண்ணால் கண்டவர் 'பக்கம் பார்த்தேன்' என்று தன் கையால் எழுத வேண்டும். பார்க்காமல் எழுதக் கூடாது. ஊரெல்லாம் எங்களைக் கிண்டல் செய்தது. மற்ற நூலகங்கள் மூன்று நாளில் கொடுப்பதை நாங்கள் மூன்று வாரத்தில் கொடுத்தோம். ஆனால் எங்கள் கையெழுத்து இருந்தால் குழுவில் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

இனி இறாலுக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டரில் தேடும் வசதி எங்கள் நூலகத்துக்கு வந்த புதிது. கல்லூரி நிர்வாகத்துக்கு அதன்மேல் பெரிய மோகம். பதவி உயர்வுக்கான தேடலை நூலகத்துக்கு அனுப்பாமல் அலுவலகத்திலேயே பெயரைத் தட்டி எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு மதியம் உடலியக்கவியல் துறையின் டாக்டர் செல்வராணி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"நெய்னா, நான் என்னத்தை எழுதியிருக்கேன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு தாளை வைத்தார். நூலகத்தில் என்னைச் சரியான பெயரில் கூப்பிட்ட மிகச் சிலரில் அவர் ஒருவர்.

அந்தத் தாளில் விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய அளவில்தான் கட்டுரைகள் இருந்தன. கீழே ஒரு குறிப்பு: வெளியீடுகள் போதாது, செல்வாக்கு தெரியவில்லை. நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. ஆராய்ச்சிக்கூடத்தைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

"இதுல உள்ளது நான் எழுதுனதுல கால்வாசிகூட இல்ல. அவங்ககிட்டச் சொன்னா, சிஸ்டம் தப்பு செய்யாதுங்கிறாங்க."

எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வியாதி என் வீட்டு வியாதிதான். அடையாள அட்டையில் அவர் பெயர் செல்வராணி, கோவிந்தசாமியின் மகள். அந்த 'மகள்' என்பதை ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கு நடுவில் ஒரு சாய்கோடு போட்டு எழுதுவார்கள். நம்மூரில் யாருக்கும் அதில் குழப்பமில்லை. வெளிநாட்டு ஆய்விதழ்கள் என்ன செய்தன? ஒன்று செல்வராணி என்று போட்டது. ஒன்று கோவிந்தசாமிதான் குடும்பப் பெயர் என்று முடிவுகட்டி 'கோவிந்தசாமி, எஸ்' என்று போட்டது. மூன்றாவது இன்னும் கெட்டிக்காரத்தனமாக அந்தச் சாய்கோட்டுக்கு இருபுறமும் இருந்த எழுத்துகளையும் பெயரின் முதலெழுத்துகளாக்கிவிட்டது. ஒரே பெண் மூன்று பேராகப் பிரிந்து கிடந்தார். அலுவலகம் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இருவரையும் விட்டுவிட்டது.

சேர்ப்பது எளிது என்று நினைத்தேன். 'கோவிந்தசாமி, எஸ்' என்று தட்டியதும் திரையில் இறால் துள்ளியது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு கல்லூரியில் இருந்த இன்னொரு கோவிந்தசாமி இறால் வளர்ப்பைப் பற்றி எழுதிக் குவித்திருந்தார். மனிதர் சுறுசுறுப்பானவர். அவரையும் டாக்டரையும் பிரித்தெடுக்க, ஒவ்வொரு கட்டுரையையும் எடுத்து முகவரியைப் பார்த்து, கூட எழுதியவர்களைப் பார்த்து, 'பக்கம் பார்த்தேன்' என்று எழுத வேண்டியிருந்தது. மிஸ் சியா மற்ற வேலைகளையெல்லாம் என் மேசையிலிருந்து எடுத்துவிட்டார். தன் பூதக்கண்ணாடியையும் கொண்டுவந்து வைத்தார்.

ஒன்றைத் தவிர எல்லாம் பிரிந்தன. அந்த ஒன்றுதான் உயிர்.

டாக்டர் வெளிநாட்டில் பயிற்சியை முடிக்கும்போது எழுதிய சிறிய கட்டுரை அது. அதன் பின்னணியை அவரே சொன்னார். அவருடைய அப்பா கோவிந்தசாமி சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவர். வெயில் அவருக்குப் பழகிய விஷயம். ஒரு முறை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் தை மாதக் குளிரில் நன்றாக ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பியவர், வேலைக்குப் போன முதல் நாளே மயங்கி விழுந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். விடுமுறைக்கு வந்திருந்த மகளுக்கு அதில் நம்பிக்கையில்லை. ஓய்வில் இருந்த உடம்பு வெயிலை மறந்துவிட்டதா, வேர்க்கும் பழக்கத்தைத் திரும்பக் கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும் என்று பார்க்க நினைத்தார். லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையிலிருந்து அரிசி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசை இரவல் வாங்கினார். அப்பாவையும் அவருடைய கூட்டாளிகளையும் வேலைக்கு முன்னும் பின்னும் நிறுத்திப் பார்த்தார். குடித்த தண்ணீரைக் கழித்தால் மிச்சம் வேர்வை.

அந்தச் சின்னக் கட்டுரையைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது. சுரங்கத்தைப் பற்றி எழுதியவர்கள், தீயணைப்பு வீரர்களைப் பற்றி எழுதியவர்கள், ஓட்டக்காரர்களைப் பற்றி எழுதியவர்கள் என்று எல்லோரும் கோவிந்தசாமியைக் காட்டியிருந்தார்கள். தொகுதிகளில் அந்தப் பெயருக்குக் கீழே வரிகள் பத்தி பத்தியாக ஓடின. ஆனால் அச்சில் முகவரி விடுபட்டுப்போயிருந்தது. பெயர் மட்டும் 'கோவிந்தசாமி, எஸ்'. இதழ் வேறொரு பதிப்பகத்தின் கைக்கு மாறியிருந்தது. எழுதிக் கேட்டேன். பழைய கோப்புகள் இல்லை என்று பதில் வந்தது.

குழுவில் வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் உறுப்பினர் இருந்தார். அந்தத் துறையில் பெரிய ஆள். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அந்தக் கட்டுரை எனக்கு நன்றாகத் தெரியும். என் நூலிலேயே எடுத்தாண்டிருக்கிறேன். அது இந்தியாவில் ஓர் ஆண் எழுதியது" என்றாராம். அதற்கு அவர் காட்டிய சான்றுகள் இரண்டு. கட்டுரையின் படத்தில் இருக்கும் தராசில் இந்திய எழுத்து இருக்கிறது. உண்மைதான், தராசில் 'அரிசி' என்று தமிழில் பெயின்ட்டால் எழுதியிருந்தது. அதே எழுத்து எங்கள் எம்ஆர்டி ரயில் நிலையங்களிலெல்லாம் இருப்பதை அவர் கவனிக்கவில்லை போலும். இரண்டாவது சான்று இன்னும் வேடிக்கை. கட்டுரையின் முடிவில், 'முதல் ஆளாகத் தராசில் ஏறிய கே. கோவிந்தசாமிக்கு நன்றி' என்று இருந்தது. கோவிந்தசாமியே கோவிந்தசாமிக்கு எப்படி நன்றி சொல்வார்? இது ஏதோ அண்ணன் தம்பி விவகாரம், அந்த அம்மாளுக்கு இதில் இடமில்லை என்று முடிவுகட்டிவிட்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மகள் அப்பாவுக்கு நன்றி சொன்ன வரியை வைத்தே அவள் எழுதவில்லை என்கிறார்கள். நம்மூரில் எந்தப் பிள்ளையும் இதைப் படித்தவுடன் புரிந்துகொள்ளும்.

மிஸ் சியாவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். "எனக்குத் தெரியும், மிஸ் சியா. எங்கள் பெயர்கள் இப்படித்தான். நான் கையெழுத்துப் போடுகிறேன்."

அவர் நான் கொடுத்த தாளைப் பார்த்தார். மெதுவாகக் குப்புறக் கவிழ்த்தார்.

"உங்களுக்குத் தெரிவது சான்று இல்லை. நீங்கள் பார்த்தது என்ன?"

அன்று அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் திட்டினேன். அவள் சோறு போட்டுக்கொண்டே, "அந்த மனுஷன் உசிரோடதானே இருக்காரு? கூட்டிட்டு வந்து காட்ட வேண்டியதுதானே?" என்றாள்.

இந்த யோசனையைச் சொன்னபோது டாக்டர் செல்வராணி முதலில் மறுத்தார். "எங்கப்பாவைக் காட்சிப் பொருளாக்கணுமா?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சரியென்றார்.

கோவிந்தசாமி ஐயா மறுநாளே சுவா சூ காங்கிலிருந்து வந்துவிட்டார். தீபாவளிச் சட்டை. எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை. கையில் லிட்டில் இந்தியாவில் இறங்கி வாங்கிவந்த முறுக்குப் பை. மிஸ் சியா முதலில் பார்த்தது ஆளை அல்ல, முறுக்கைத்தான். நூலகத்துக்குள் தின்பண்டம் கூடாது. பையை வாங்கி முன்மேசையில் வைத்துவிட்டு அவரை உள்ளே கூட்டிவந்தார்.

மேசையில் கட்டுரை திறந்திருந்தது. படத்தில், மூட்டைத் தராசின்மேல் சட்டையில்லாத ஒருவர் நிற்கிறார். அந்தக் காலத்தில் ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கக் கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை போட்டுவிடுவார்கள். மூக்கும் மீசையும் கையும் காலும்தான் தெரியும்.

மிஸ் சியா படத்தைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார். புத்தக விவரம் எழுதும் அட்டை. அதை நீளவாக்கில் மடித்து, குதிகாலைத் தூக்கி நின்று, ஐயாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். ஐயா அசையாமல் நின்றார்.

"பாய், இந்தம்மா என்ன பண்ணுறாங்க?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"உங்களத்தான் படத்தோட ஒத்துப் பாக்குறாங்க, ஐயா."

"அப்ப சட்டையைக் கழட்டணுமா?"

"அப்பா!" என்றார் டாக்டர்.

மீசை நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டிவிட்டது. மிஸ் சியாவின் முகத்தில் திருப்தியில்லை. அட்டையைக் கீழே இறக்கினார். "அன்றைக்கு நின்றதுபோல் நிற்கச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். ஐயா உடனே வயிற்றை எக்கி, நெஞ்சை நிமிர்த்தி, பக்கத்தில் இருந்த புத்தக வண்டியின் கம்பியை, தராசுக் கம்பியைப் பிடிப்பதுபோல் வலது கையால் பிடித்தார். நான்கு விரல்கள் கம்பியைச் சுற்றின. சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நேராக நின்றது.

மிஸ் சியா குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். படத்திலும் சுண்டுவிரல் நேராக நின்றது.

"விரலுக்கு என்ன ஆயிற்று?"

"பெட்டி விழுந்துச்சு. சாங்கில சேர்ந்த புதுசுல" என்றார் ஐயா, நான் கேள்வியைத் தமிழில் சொன்னதும். "அதுலேர்ந்து மடங்காது. சோறு பிசையுறப்பகூட இது தனியா நிக்கும்."

மிஸ் சியா நிமிர்ந்தார். "கேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கமில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. நான்தான் ஆசையில் ஐயாவை மேற்கோள் தொகுதிகள் இருந்த அலமாரிக்குக் கூட்டிப்போனேன். அவர் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஆங்கிலத்தில் தன் பெயரை மட்டும் அவருக்கு வாசிக்கத் தெரியும். வேலைக்குப் போன நாளெல்லாம் அதைத்தான் கையெழுத்தாகப் போட்டவர். விரல் வைத்துத் தடவினார்.

"இது நம்ம பேரு. கீழ உள்ளவங்கல்லாம் யாரு?"

"உங்க பேரைச் சொல்லி எழுதுனவங்க, ஐயா. பல நாட்டுக்காரங்க."

பூரித்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"எம் மக பேரு எங்க?"

"அப்பா, இதுதான் என் பேரு. உங்க பேருதான் என் பேரு" என்றார் டாக்டர்.

"உம் பேரு செல்வராணி. உங்கம்மா ஆசையா வச்ச பேரு. வேர்த்தவன் நானு, சரி. ராத்திரியும் பகலும் உக்காந்து எழுதுனவ நீயில்ல? ஊரெல்லாம் எம் பேரைச் சொல்லிட்டுப் போனா எப்படி? பாய், இதை மாத்த முடியாதா?"

"அச்சுல வந்ததை மாத்த முடியாது, ஐயா."

"என்ன லா படிச்சவங்க நீங்கல்லாம்" என்று சொல்லிவிட்டு, முறுக்குப் பையைக்கூட வாங்காமல் வெளியே போய்விட்டார். டாக்டர் பின்னாலேயே ஓடினார். முறுக்கை அன்று மாலை மிஸ் சியாவும் நானும் நூலக வாசலுக்கு வெளியே நின்று தின்றோம்.

அன்றே தொகுப்பைத் தட்டச்சு செய்து முடித்தோம். அந்தக் கட்டுரைக்கு எதிரே மட்டும் மிஸ் சியா என்னை எழுதவிடவில்லை. தானே பேனாவை எடுத்து எழுதினார்: 'பக்கம் பார்த்தேன். ஆளையும் பார்த்தேன்.' கீழே முழுக் கையெழுத்து. அதற்கு முன்னும் பின்னும் எந்த ஆராய்ச்சியாளருக்கும் அப்படி ஒரு வரியை அவர் எழுதியதில்லை.

குழுவில் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார்களாம். வெளிநாட்டு உறுப்பினர் தொகுப்பை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அப்படியானால் என் நூலில் நான் ஓர் ஆணைப் பற்றி எழுதிவைத்திருக்கிறேனே" என்றாராம். தமிழில் 'அவர்' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லை. டாக்டருக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. அந்த நூலின் அடுத்த பதிப்பு எங்கள் நூலகத்துக்கு வந்த அன்று, உறையைப் பிரித்ததும் நேராக அந்த இடத்துக்குப் போனேன். ஆண் பெண்ணாகியிருந்தார். பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிறகு டாக்டர் பேராசிரியரானார். அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கெங்கோ துறைத் தலைவர்களாக இருக்கிறார்கள். ஆனால் உலகத்துக்கு அவர் கடைசிவரை கோவிந்தசாமிதான். கருத்தரங்குகளில் 'கோவிந்தசாமி முறை' என்பார்கள். மிஸ் சியா ஓய்வுபெற்றுப் போகும்போது அந்த மடித்த அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்றும் என் பர்ஸில் இருக்கிறது.

யாழினிக்கு முதலில் வாட்ஸ்அப்பில் சுருக்கமாகச் சொன்னதும் அவள் பழைய தொகுப்பைத் தேடி எடுத்து, அந்த வரியோடு படமெடுத்து, சிஸ்டத்தை நடத்துபவர்களுக்குச் சான்றாக அனுப்பினாள். இயந்திரம் அடம்பிடிப்பதை நிறுத்தியது. இறால்கள் தங்கள் பண்ணைக்குத் திரும்பின. இப்போதெல்லாம் ஆராய்ச்சியாளருக்கு ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். எந்தப் பெயரில் அச்சாகியிருந்தாலும் அந்த எண்ணுக்குக் கீழே வந்துவிடுகிறது. மேலே எந்தப் பெயர் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்கள். பேராசிரியர் யோசிக்கவே இல்லை. "செல்வராணின்னு போடு. அப்பா ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து எல்ஆர்டி ரயில் ஏறிச் சுவா சூ காங்குக்குப் போனேன். யாழினி அங்கே வந்து சேர்ந்துகொண்டாள். கோவிந்தசாமி ஐயா தொண்ணூறைத் தொட்டுவிட்டார். காது மந்தம், மற்றபடி ஆள் திடம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் தே ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ஐயா கோப்பையைப் பிடித்தபோது சுண்டுவிரல் தனியாக நின்றது.

யாழினி கைப்பேசியில் 'செல்வராணி' என்று தட்டி அவர் முன்னால் நீட்டினாள். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மேலே மகளின் பெயர். கீழே பேராசிரியர் வாழ்நாளெல்லாம் எழுதிய அத்தனையும், அந்தச் சின்னக் கட்டுரை முதலாவதாக.

"மாத்தியாச்சு, ஐயா" என்றேன் உரக்க. "இனிமே எல்லாம் உங்க மக பேருலதான் வரும்."

அவர் வெகுநேரம் பார்த்தார். விரலால் திரையைத் தடவியதில் அது எங்கோ ஓடிப்போனது. யாழினி திரும்பக் கொண்டுவந்தாள். ஐயாவின் முகத்தில் சிரிப்பு பரவியது. பிறகு மெதுவாக அடங்கியது. மகளுக்குக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, என் பக்கம் சாய்ந்தார். காது மந்தமானவர் ரகசியம் பேசினால் எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டுக்கே கேட்டது.

"பாய், அப்ப எம் பேரை எடுத்துட்டாங்களா?"

"இல்லைங்க ஐயா. பேப்பர்ல அப்படியேதான் இருக்கு."

"நன்றி சொன்னாளே, அந்த இடத்துல?"

"அங்கயும் இருக்கு. பக்கத்தைப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப சரி லா" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.